கிளென்கேர்னில் ஏறுவது எப்படி: 1940-இன் ‘தி லாங் வாயேஜ் ஹோம்’ பார்க்க முழுமையான வழிகாட்டி

கவ்பாய் நாயகன் ஜான் வெய்னின் படம் என்று நம்பி இதைப் போட்டு உட்காருபவர்களில் பாதிப் பேர் அரைமணி நேரத்தில் எழுந்து போய்விடுவார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான். சுவரொட்டியில் அவர் பெயர்தான் முதலில் இருக்கிறது. படத்திலோ மனிதர் பெரும்பாலும் ஓரமாக நின்று மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கதாநாயகன் யார் என்று தேடித் தேடிக் களைத்து, புயல் வருவதற்குள் தூங்கிவிட்டேன்.

இரண்டாவது முறை பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. இது ஒரே கதை அல்ல. யூஜின் ஓ’நீல் எழுதிய நான்கு சின்ன நாடகங்களை கிளென்கேர்ன் என்ற ஒரே கப்பலில் ஏற்றிக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் கப்பலை விட்டு ஒருவன் வெளியேறப் பார்க்கிறான். யார் போனான், எப்படிப் போனான் என்று கணக்கு வைத்துக்கொண்டே பார்த்தால் படம் தானாகத் திறந்துகொள்ளும். அந்தக் கணக்கை எப்படி வைப்பது என்று சொல்வதுதான் இந்த வழிகாட்டி.

முன்னெச்சரிக்கை ஒன்று. நான்காம் படியில் முடிவு வரை எல்லாம் சொல்லியிருக்கிறேன். படம் பார்க்காதவர்கள் முதல் மூன்று படிகளைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்து வாருங்கள்.

படி 1: அறையை இருட்டாக்குங்கள்

படம் 105 நிமிடம், கறுப்பு வெள்ளை. பாதிக்கு மேல் இரவில் நடக்கிறது. பகலிலும் கப்பலின் அடிவயிற்றில், ஒரு விளக்கு வெளிச்சத்தில்தான் ஆட்கள் தெரிவார்கள். மங்கலான பிரதியில் பார்த்தால் கறுப்பெல்லாம் சேறாகிவிடும், முகங்கள் காணாமல் போகும். 2006-இல் வார்னர் நிறுவனம், இதன் இயக்குநர் ஜான் ஃபோர்டும் ஜான் வெய்னும் சேர்ந்த படங்களைத் தொகுத்து ஒரு டிவிடி பெட்டி வெளியிட்டது. இந்தப் படமும் அதில் இருந்தது. எங்கே பார்த்தாலும் சரி, முதல் ஐந்து நிமிடத்தில் மாலுமிகளின் கண்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் வேறு பிரதி தேடுவது நல்லது.

படம் ஏறக்குறைய சதுர வடிவில் இருக்கும். பக்கவாட்டில் கறுப்புப் பட்டை விழுகிறதே என்று டிவியில் இழுத்து அகலமாக்கிவிடாதீர்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதி டிவியில் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

ஆங்கில சப்டைட்டில் கட்டாயம் வேண்டும். ஒருவன் ஐரிஷ்காரன், ஒருவன் லண்டன் கிழக்குப் பகுதியின் காக்னி, இரண்டு பேர் ஸ்வீடன்காரர்கள், ஒருவன் அமெரிக்கன். குடித்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் திணறும்.

படி 2: ஏழு முகங்களை மனப்பாடம் செய்யுங்கள்

படத்தில் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான். எல்லோரும் அழுக்குச் சட்டை, எல்லோரும் தாடி மீசை வளரும் முகம். ஆகவே பார்ப்பதற்கு முன்பே இவர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

டிரிஸ்கால்: தாமஸ் மிட்செல். கட்டை குட்டையான ஐரிஷ்காரன். சத்தம் போடுவான், சண்டைக்கு முதலில் நிற்பான், இரக்கப்படுவதிலும் முதலில் நிற்பான். யாரும் நியமிக்காத தலைவன். படத்தைத் தோளில் சுமப்பவன் இவன்தான்.

ஓலே ஓல்சன்: ஜான் வெய்ன். ஆறடி நான்கு அங்குல ஸ்வீடன் விவசாயி மகன். வீட்டைப் பார்த்துப் பத்து வருடம் ஆகிவிட்டது. வெய்னுக்கு ஸ்வீடன் உச்சரிப்பைச் சொல்லிக்கொடுத்தவர் ஓசா மாசன் என்ற டென்மார்க் நடிகை. கவ்பாய்க் குரலை ஒளித்து வைக்க அவர் பட்ட பாடு காதில் விழும். அந்தத் தயக்கமே அந்தப் பாத்திரத்துக்குப் பொருந்திப் போய்விட்டது என்பது என் கட்சி.

ஸ்மிட்டி: இயன் ஹண்டர். படித்த ஆங்கிலேயன். தனியாகவே இருப்பான், தனியாகவே குடிப்பான்.

யாங்க்: வார்டு பாண்ட். முரட்டு உடம்பு அமெரிக்கன், டிரிஸ்காலின் நெடுநாள் தோழன்.

காக்கி: பாரி ஃபிட்ஸ்ஜெரால்டு. கப்பலின் பணியாள். நாக்கில் விஷம் வைத்துக்கொண்டிருக்கும் சின்ன மனிதன்.

ஆக்செல்: ஜான் குவாலன். இன்னொரு ஸ்வீடன்காரன். ஓலேவை வீட்டுக்கு அனுப்பியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டவன்.

கடைசியாக டாங்கிமேன்: ஆர்தர் ஷீல்ட்ஸ். கழுதைக்காரன் இல்லை. சரக்கு தூக்கும் பொறிகளை ஓட்டும் சிறிய நீராவி இயந்திரத்துக்கு மாலுமிகள் வைத்த பெயர் ‘டாங்கி எஞ்சின்’. அதைக் கவனிப்பவன் டாங்கிமேன். கரையே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்ட மனிதன். பேச்சு குறைவு. ஆனால் படத்தின் கடைசி வேலை இவன் கையில்தான் இருக்கிறது, கண் வைத்திருங்கள்.

ஒரு சின்னச் செய்தி. ஃபிட்ஸ்ஜெரால்டும் ஷீல்ட்ஸும் நிஜத்தில் அண்ணன் தம்பிகள், டப்ளின் அபே தியேட்டரில் பழகியவர்கள். இது தெரிந்தபின் இருவரும் ஒரே சட்டகத்தில் வரும்போதெல்லாம் முக ஜாடை தேடத் தோன்றும்.

படி 3: படம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

யூஜின் ஓ’நீல் நாடகாசிரியர் ஆவதற்கு முன் கடலுக்குப் போனவர். 1910-இல் நார்வே நாட்டுப் பாய்மரக் கப்பல் ஒன்றில் பாஸ்டனிலிருந்து புவெனஸ் ஐரிஸ் போனார். அங்கே துறைமுகத்தில் காசில்லாமல் அலைந்துவிட்டு, 1911-இல் ‘இகாலா’ என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலில் நியூயார்க் திரும்பினார். அவர் நாடகங்களில் வரும் கிளென்கேர்ன் இந்த இகாலாவின் நிழல்தான். இப்படிப்பட்ட கப்பலுக்குக் கால அட்டவணை கிடையாது, நிரந்தரப் பாதை கிடையாது. எந்தத் துறைமுகத்தில் சரக்கு கிடைக்கிறதோ அங்கே போகும். நாடோடிக் கப்பல் என்று சொல்லலாம். ‘அடுத்த தடவை வீட்டுக்கு’ என்று அதில் வேலை பார்ப்பவன் சொன்னால், அந்த அடுத்த தடவை எப்போது என்று அவனுக்கே தெரியாது.

டிரிஸ்கால் என்ற பெயரும் கற்பனை இல்லை. அந்தப் பெயரில் ஓ’நீலுக்கு ஒரு தோழர் இருந்தார், கப்பல் உலையில் கரி அள்ளிப் போடுபவர். நடுக்கடலில் குதித்து இறந்துபோனார். அந்த மரணம் ஓ’நீலை விடவே இல்லை.

கிளென்கேர்ன் மாலுமிகளை வைத்து ஓ’நீல் எழுதிய ஓரங்க நாடகங்கள் நான்கு: ‘பவுண்ட் ஈஸ்ட் ஃபார் கார்டிஃப்’, ‘இன் த ஜோன்’, ‘தி லாங் வாயேஜ் ஹோம்’, ‘தி மூன் ஆஃப் த கரிபீஸ்’. முதல் நாடகம் 1916 கோடையில் மாசசூசெட்ஸின் ப்ராவின்ஸ்டவுனில், கடலுக்குள் நீட்டிய ஒரு பழைய படகுத்துறைக் கொட்டகையில் மேடையேறியது. கீழே பலகை இடுக்குகளில் அலை அடிக்கும் சத்தம், வெளியே பனிமூட்டம். கப்பல் நாடகத்துக்கு இதைவிட நல்ல அரங்கம் கிடைக்காது. ஓ’நீலே ஒரு வரி வசனம் பேசி நடித்தார்.

பார்ப்பதற்கு முன் நான்கையும் படிக்க வேண்டாம். ‘பவுண்ட் ஈஸ்ட் ஃபார் கார்டிஃப்’ மட்டும் போதும். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மற்ற மூன்றையும் பிறகு படித்தால்தான் ருசி.

1940-இல் ஜான் ஃபோர்டும் திரைக்கதாசிரியர் டட்லி நிக்கல்ஸும் இந்த நான்கையும் ஒரே பயணமாகத் தைத்தார்கள். முதல் உலகப்போர்க் காலத்து நாடகங்களை அப்படியே தூக்கி, அப்போது நடந்துகொண்டிருந்த இரண்டாம் உலகப்போருக்குள் வைத்தார்கள். தன் நாடகங்களிலிருந்து எடுத்த படங்களில் ஓ’நீலுக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

படி 4: நான்கு பாகமாகப் பாருங்கள்

முதல் பாகம், கரிபியன் இரவு. கொஞ்ச நேரத்துக்கு வசனமே கிடையாது. கரையில் பெண்கள், எங்கிருந்தோ மிதந்து வரும் பாட்டு. கப்பலில் ஆண்கள் கம்பியில் சாய்ந்து, படுத்து, வியர்த்து, சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கரைக்குப் போகக் கூடாது என்று கேப்டன் உத்தரவு. அவசரப்படுகிறவர்கள் இங்கேதான் தவறவிடுகிறார்கள். கரை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, இறங்க முடியாது. படம் முழுவதும் இதே நிலைமைதான் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

டிரிஸ்கால் ஏற்பாட்டில் பெண்கள் பழக்கூடையோடு படகில் வருகிறார்கள். பழத்துக்கு அடியில் ரம் பாட்டில்கள். குடி, ஆட்டம், அடிதடி. கடைசியில் பெண்களுக்குப் பேசிய காசுகூடக் கிடைக்காமல் இறக்கிவிடப்படுகிறார்கள். இந்த அநியாயத்தைப் படம் அழுத்திச் சொல்லவில்லை. நீங்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பாகம், பால்டிமோரும் புயலும். ஏற்றப்படுவது வெடிமருந்து என்று தெரிந்ததும் ஆட்கள் முறுக்கிக்கொள்கிறார்கள். கேப்டன் ஒரு அதட்டல் போட்டதும் அடங்கிவிடுகிறார்கள். ஸ்மிட்டி மட்டும் இறங்கி ஓடப் பார்க்கிறான், முடியவில்லை. வெளியேறப் பார்த்தவன் ஒன்று.

அட்லாண்டிக்கில் புயல். நங்கூரம் கழன்று ஆடுகிறது. அதைக் கட்டப்போன இடத்தில் யாங்குக்கு உள்காயம். கப்பலில் வைத்தியர் கிடையாது, கேப்டன் மருந்துப் பெட்டியைத் திறந்து தனக்குத் தெரிந்ததைச் செய்கிறார். அப்புறம் டிரிஸ்காலும் யாங்கும் பேசும் காட்சி. படத்தின் உச்சம் புயல் இல்லை, இந்தப் பேச்சுதான் என்பேன். கடலை விட்டுவிட்டு எங்காவது ஒரு பண்ணை வாங்கிப் பிழைக்கலாம் என்று நினைத்தது, ஆனால் வெட்கத்தில் இத்தனை வருடம் தோழனிடம் சொல்லாமலே இருந்தது, எல்லாம் சாகும் நேரத்தில் வருகிறது. மற்றவனும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தானாம். நாடகத்தில் புயல் கிடையாது, மூடுபனி. யாங்க் ஏணியிலிருந்து தவறிச் சரக்கு அறைக்குள் விழுகிறான். ஃபோர்டு விபத்தைப் பெரிதாக்கினார், மரணத்தைச் சின்னதாகவே விட்டுவைத்தார்.

மூன்றாம் பாகம், போர் வலயம். வெளிச்சம் தெரியாதபடி ஜன்னல்களையெல்லாம் மூடிவிட்டார்கள். எல்லோருக்கும் நரம்பு தெறிக்கிறது. தனியாக இருக்கும் ஸ்மிட்டி மேல் சந்தேகம் விழுகிறது: ஒளித்து வைத்த தகரப் பெட்டி, ஒரு திறந்த ஜன்னல், அவ்வளவுதான் சாட்சி. ஜெர்மன் உளவாளி என்று தீர்மானித்து, கட்டிப்போட்டு, வாயில் துணி அடைத்து, பெட்டியைத் திறக்கிறார்கள். உள்ளே குண்டு இல்லை, மனைவியின் கடிதங்கள். டிரிஸ்கால் உரக்கப் படிக்கிறான். குடியால் கடற்படை வேலையும் மானமும் போன கதை ஒவ்வொரு கடிதமாக வெளியே வருகிறது.

இங்கே படிப்பவனைப் பார்க்காதீர்கள், கேட்பவர்களைப் பாருங்கள். தேசபக்தியில் விறைத்திருந்த முகங்கள் எந்த வரியில் தொங்க ஆரம்பிக்கின்றன என்று கவனியுங்கள். அடுத்தவன் கடிதத்தைப் படித்துவிட்டோம் என்ற கூச்சத்தை இவ்வளவு நேரம் இழுத்துக் காட்டிய இன்னொரு காட்சியை நான் பார்த்ததில்லை.

நாடகம் அந்தக் கூச்சத்தோடு முடிந்துவிடும். அங்கே கடிதம் எழுதியவள் காதலி, மனைவி அல்ல. ஃபோர்டு இன்னொரு அடி போனார். விமானம் வந்து சுடுகிறது, ஸ்மிட்டி சாகிறான். துறைமுகத்தில் அவன் மனைவியும் பிள்ளைகளும் காத்திருக்கிறார்கள். போக மறுத்த வீட்டுக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

நான்காம் பாகம், லண்டன். சம்பளம் வாங்கியாயிற்று. இனி இந்தக் கப்பலே வேண்டாம் என்று எல்லோரும் இறங்குகிறார்கள். ஒரே ஒரு வேலைதான் பாக்கி: ஓலேவைப் பத்திரமாக ஸ்டாக்ஹோம் கப்பலில் ஏற்றிவிடுவது. நடுவில் ஒரே ஒரு கிளாஸ் என்று ஒரு தரகன் கூப்பிடுகிறான், போகிறார்கள்.

தரகன் என்றால் கப்பல்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவன். யாரும் விரும்பி ஏறாத கப்பலுக்கு, குடிக்க வைத்தோ மயக்க மருந்து கொடுத்தோ ஆள் ஏற்றிவிட்டுத் தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்குவான். பாய்மரக் காலத்தில் உலகத் துறைமுகங்கள் எங்கும் நடந்த தொழில் இது. இங்கே அவன் கண் ஓலே மேல். ஓலே மது தொடுவதில்லை, ஜிஞ்சர் பீர்தான் குடிக்கிறான். மருந்து அதிலேயே விழுகிறது. அவனோடு மேசையில் உட்கார்ந்து பேசும் மதுக்கடைப் பெண் ஃப்ரீடாவாக வரும் மில்ட்ரெட் நாட்விக்குக்கு இதுதான் முதல் படம். அம்மாவைப் பற்றி, ஊரைப் பற்றி ஓலே சொல்லச் சொல்ல அவள் முகத்தில் ஓடுவதைப் பாருங்கள். செய்வது துரோகம் என்று அவளுக்குத் தெரியும். அதோடுதான் செய்கிறாள்.

நாடகத்தில் ஓல்சன் தொலைந்தே போகிறான். படத்தில் டிரிஸ்காலும் மற்றவர்களும் ‘அமிந்திரா’ என்ற அந்தக் கப்பலில் பாய்ந்து அவனை மீட்டு வருகிறார்கள். ஆனால் டிரிஸ்கால் மண்டையில் அடி வாங்கி அந்தக் கப்பலிலேயே மாட்டிக்கொள்கிறான். மறுநாள் காலை ஒவ்வொருவராகத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிளென்கேர்னுக்கே திரும்புகிறார்கள். டாங்கிமேன் கையில் ஒரு செய்தித்தாள். அமிந்திராவை டார்பிடோ மூழ்கடித்துவிட்டது என்று அதில் இருக்கிறது. தாளைத் தண்ணீரில் விட்டுவிடுகிறான். ஒருவன் வீட்டுக்குப் போனதற்கு இன்னொருவன் கொடுத்த விலை அது. மற்றவர்களுக்கு டாங்கிமேன் சொல்லவில்லை.

படி 5: சத்தத்தை நிறுத்திவிட்டு ஒருமுறை

இரண்டாம் முறை, பிடித்த ஏதாவது இருபது நிமிடத்தை ஒலியில்லாமல் பாருங்கள். ஒளிப்பதிவு கிரெக் டோலண்ட். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘சிட்டிசன் கேன்’ படத்தின் ஒளிப்பதிவாளரும் இவரே. அங்கே கொண்டாடப்பட்ட பலவும் இங்கே ஏற்கெனவே இருக்கின்றன: மூக்குக்கு அருகில் ஒரு முகம், இருபதடி தள்ளி இன்னொரு முகம், இரண்டும் துல்லியம். தலையில் இடிக்கும்படி தாழ்ந்த கூரை. அக்காலத்தில் விளக்குகளை மேலே தொங்கவிட வசதியாக அரங்குகளுக்குக் கூரை போடுவது அபூர்வம். கப்பலின் முன்பகுதியான அணியத்தில் மாலுமிகள் படுக்கும் அறைக்குக் கூரை தெரிவதால்தான் அந்த மூச்சுமுட்டல் நமக்கும் வருகிறது.

தொடக்கத்தில் பெயர்கள் ஓடும்போது பாருங்கள், ஃபோர்டு தன் பெயரையும் டோலண்டின் பெயரையும் ஒரே அட்டையில் போட்டிருக்கிறார். இயக்குநர்கள் லேசில் செய்யாத மரியாதை. சிட்டிசன் கேனில் அதன் இயக்குநர் ஆர்சன் வெல்ஸும் அதையே செய்தார்.

ஆறு ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன, சிறந்த படம், ஒளிப்பதிவு, திரைக்கதை உட்பட. ஒன்றும் கிடைக்கவில்லை. அதே ஆண்டு ஃபோர்டு தன் இன்னொரு படமான ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’துக்காக இயக்குநர் விருதை வாங்கிக்கொண்டார். வசூலிலும் கையைச் சுட்டுக்கொண்ட படம் இது.

படி 6: 1940-இல் உட்கார்ந்து பாருங்கள்

படப்பிடிப்பு 1940 வசந்தத்தில், பிரான்ஸ் விழுந்துகொண்டிருந்த வாரங்களில். அமெரிக்கா இன்னும் போரில் இல்லை. அப்படியானால் பால்டிமோரில் வெடிமருந்து ஏற்றுவது எப்படி? போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் விற்பதைத் தடுத்திருந்த நடுநிலைச் சட்டத்தை 1939 நவம்பரில் திருத்தினார்கள். காசைக் கையில் கொடு, உன் கப்பலில் ஏற்றிக்கொண்டு போ, என்பதே ஏற்பாடு. அமெரிக்கக் கப்பல்கள் போர் வலயத்துக்குள் போகக் கூடாது. ஆகவே கிளென்கேர்ன் பிரிட்டிஷ் கப்பலாக இருப்பது தற்செயல் இல்லை.

இன்னொன்று. 1941 மே வரை பிரிட்டிஷ் வணிகக் கப்பல் மூழ்கினால் அன்றோடு மாலுமியின் சம்பளமும் நின்றுவிடுவது வழக்கம். உயிர்காப்புப் படகில் மிதந்துகொண்டிருக்கும் நாள்களுக்குக் கூலி இல்லை. இது தெரிந்தபின் அந்த வெடிமருந்து முணுமுணுப்பை வேறு மாதிரிக் கேட்பீர்கள். லண்டன் டவர் ஹில்லில், அந்தப் போரில் இறந்து, கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாத ஏறக்குறைய 24,000 வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன.

படி 7: குறைகளையும் பாருங்கள்

ஆளைக் கடத்தும் தரகன் 1940 லண்டனில் கொஞ்சம் ஒட்டவில்லை. நாடகத்தில் அமிந்திரா, தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்னைச் சுற்றப்போகும் பாய்மரக் கப்பல், அந்தக் காலத்துக்கு அது சரி. போரை இழுத்து வந்தவர்கள் இந்தத் தையலை மறைக்க முடியவில்லை.

கரிபியன் பெண்கள் நாடகத்தில் கறுப்பினப் பெண்கள். படம் அந்த இடத்தில் வழக்கமான ஹாலிவுட் ‘தீவுப் பெண்களை’ நிரப்பிவிட்டது. பிரிட்டிஷ் கப்பல்களில் அப்போது பல்லாயிரம் இந்திய மாலுமிகள், லஸ்கர்கள், கரி அள்ளிக்கொண்டிருந்தார்கள். கிளென்கேர்னில் ஒருவர்கூட இல்லை. ஓ’நீலின் கப்பலிலும் இல்லை என்பதால் ஃபோர்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

படி 8: பார்த்த பிறகு

இப்போது மீதி மூன்று நாடகங்களைப் படியுங்கள். தயாரிப்பாளர் வால்டர் வாங்கர் ஒன்பது ஓவியர்களை வரவழைத்து இந்தப் படத்தை வரையச் சொன்னார். தாமஸ் ஹார்ட் பெண்டன், கிராண்ட் வுட் எல்லாம் அதில் உண்டு. கிராண்ட் வுட் வரைந்தது, குடித்துவிட்டுத் தோளோடு தோள் சேர்ந்து உருகிப் பாடும் மாலுமிகளை. ‘சென்டிமென்டல் பேலட்’ என்று தேடிப் பாருங்கள், நடிகர்களின் முகம் அப்படியே தெரியும்.

அப்புறம் படத்தின் முதல் பாகத்தை மட்டும் திரும்ப ஓடவிடுங்கள். ரம்மும் பெண்களும் வருகிறார்கள் என்ற குஷியில் டிரிஸ்கால் கப்பல் முழுவதையும் கலகலப்பாக்கிக்கொண்டு திரிவான்.